விண்மீன்களின் இடைவெளியில் உள்ள பொருள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தை மாதத்து இரவு 9 மணி அளவில் வானத்தை நோக்குவோர், உச்சிக்கு வெகு அருகில் ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களை எளிதில் காண்பர். திருவாதிரைக்குத் தென்மேற்கே உள்ள இம்மூன்றனுள் மேற்கோரத்தில் இருப்பதற்கு மிண்டாக்கா என்று பெயர். விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி வெறுமையானதன்று என்பதற்கு நிறமாலை வழியாக முதற் சான்று அளித்தது இவ்விண்மீனே ஆகும்.

1904-இல் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் வான ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்ட்மன் என்பார் இதன் நிறமாலையை ஆராய்ந்தார். மிண்டாக்காவில் இரு விண்மீன்கள் 5.7 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஆதலின் நிறமாலைக் கோடுகள் ஒருகால் நீல முனைக்கும் ஒருகால் சிவப்பு முனைக்குமாகப் பெயர்தல் வேண்டும், அவ்வாறே பெயர்ந்தன. 3934 ஆங்ஸ்ட்ரம் அலைநீளத்தில் உள்ள கால்சியக் கோடு மட்டும் அசையாது நின்றது. மற்றவற்றைப் போல் அகன்று மங்கியிராமல், மெல்லியதாய்க் கூர்மையாயும் இருந்தது. விண்மீனோடு சேர்ந்து சுற்றாத பொருள் விண்மீனில் இருத்தல் இயலாது. ஒளி வரும் வழியிலேயே இருத்தல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1919-இல் மேரி ஹெகர் அம்மையார் சோடியக் கோடுகளும் இவ்வாறு அசையாதிருத்தலைக் கண்டார். கறியுப்பைச் சுடரில் இடும்போது தோன்றும் மஞ்சள் ஒளிக்குரிய கோடுகளே இவை. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம்.

வாயுவோடு நுண்ணிய தூசியும் அவ்வெளியில் உண்டு. பூவாற்றுக் கடலில் மறையும் ஞாயிறு சிவந்து தோன்றுதல், வழியிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால் அன்றோ? விண்வெளித் தூசியும் நீலத்தையே மிகுதியாகத் தடுக்கின்றது. ஒளி மங்குதலை மட்டும் நோக்கின், அது தொலைவினால் நேர்ந்ததா தூசியினால் நேர்ந்ததா என்று அறிய வழியில்லை, சிவத்தலே துப்பு. கோடுகளைக் கொண்டு விண்மீனின் வகையையும், வகையைக் கொண்டு அதன் இயல்பான நிறத்தையும் அறியலாம். காணும் நிறம் அதனின்றும் எவ்வளவு வேறுபடுகின்றதோ, அதிலிருந்து தூசி கணக்கிடப்படுகின்றது. இக்கணக்கு இல்லாதபோது விண்மீன்கள் உள்ளபடியினும் தொலைவில் இருப்பனவாகவே கொள்ளப்பட்டன. 1930-இல் டிரம்ப்ளர் விண்மீன் கூட்டங்களை ஒப்பிட்டு இப்பிழையை வெளிப்படுத்தினார்.

ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி கொண்டு, 2011, 2012 ஆண்டுகளில் வேலா என்னும் வெடித்த விண்மீனின் எச்சத்தை நோக்கிய திசையில் சோடியக் கோடுகள் ஆராயப்பட்டன. 1993 முதல் 1996 வரை எடுக்கப்பட்டிருந்த நிறமாலைகளோடு ஒப்பிட்டபோது, பெரும்பாலானவை மாறவில்லை. சில திசைகளில் மட்டும் கோடுகளின் வலிமை மாறியிருந்தது. இருபது ஆண்டுகளுக்குள் நம் பார்வைக்கோட்டில் வேறுபாடு தோன்றும் அளவுக்கு அங்குள்ள வாயு முகில்கள் சிறியனவாகவோ விரைந்து செல்வனவாகவோ இருத்தல் வேண்டும். பங்குனி மாதத்து முன்னிரவில் இவ்வேலாப் பகுதி, எல்லைக் கிராமங்களின் தென்வானில் நன்கு புலப்படும்.