போலி ‘வைரஸ் கார்ட்’: அறிவதும் அகற்றுவதும்

வீட்டுக் கணினிக்கு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் அவசியம் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். வீடுகளிலும் கடைகளிலும் அதற்கு ‘வைரஸ் கார்ட்’ என்றே பெயர். நாம் படிப்பித்த அந்தப் பயத்தையே சிலர் வியாபாரமாக்கிக் கொண்டார்கள். கணினியில் இல்லாத வைரஸை இருக்கிறதென்று காட்டி, அதை நீக்கித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பதே போலி வைரஸ் கார்டின் வேலை. சில வேளைகளில் அந்தப் போலி மென்பொருளே உள்ளே வந்து குந்திக்கொள்ளும் வைரஸாகவும் இருக்கும்.

கடந்த சில வருடங்களாகக் கணினிக் கூடத்தில் மாணவிகள் என்னிடம் அதிகமாகக் கொண்டு வரும் பிரச்சினை இதுதான். ஆனால் அவர்கள் அதை உடனே கொண்டு வருவதில்லை. நாட்கள் கழித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, மெல்லிய குரலில் சொல்கிறார்கள். இக்கட்டுரையைப் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அந்த மெல்லிய குரலே காரணம்.

முதலில் போலியை அடையாளம் காண்போம். ஏதோ ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை சிவக்கிறது, அபாய மணி ஒலிக்கிறது, ‘உங்கள் கணினியில் 37 வைரஸ்கள்’ என்று எழுத்து ஓடுகிறது. நூற்றுவீதம் ஏறும் ஒரு பட்டையும் தெரிகிறது. அந்தப் பட்டை வெறும் படம். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் வன்தட்டைத் திறந்து அதிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது. ஆகவே உலாவிக்குள் நடக்கும் ‘ஸ்கேன்’ எதுவானாலும் அது நாடகம். திரையில் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து ‘மைக்ரோசொஃப்ட் உதவிக்கு உடனே அழையுங்கள்’ என்று சொன்னால் அதுவும் பொய். மைக்ரோசொஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இருக்காது.

இன்னொரு அடையாளம் அவசரம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அழிந்துவிடும் என்று மணிக்கூடு பின்னோக்கி ஓடும். உண்மையான வைரஸ் கார்ட் சந்தேகமான கோப்பைக் கண்டால் சத்தமில்லாமல் அதைத் தனிமைப்படுத்தி வைத்துவிட்டு, ஒரு சிறு அறிவித்தலோடு நிறுத்திக்கொள்ளும்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மடிக்கணினி வாங்கும்போது சில நிறுவனங்களின் உண்மையான வைரஸ் கார்ட் தவணைப் பதிப்பாக அதனுடனேயே வரும். தவணை முடிந்ததும் ‘புதுப்பியுங்கள்’ என்று அதுவும் தொல்லைப்படுத்தும். போலிகளும் அதே நிறுவனங்களின் பெயரையும் சின்னத்தையும் திருடிக்கொண்டு வருகின்றன. எது எதுவென்று தெரியாவிட்டால், வந்த அறிவித்தலின் மேல் அழுத்தாமல் ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் அந்த மென்பொருளை நீங்களே திறந்து பாருங்கள். அப்படியொன்று அங்கே இல்லையென்றால் அறிவித்தல் போலியே. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யின் அமைப்புகளில் ‘மனேஜ் புரொவைடர்ஸ்’ என்ற இடத்திலும் உங்கள் கணினியைக் காவல் செய்யும் மென்பொருள்களின் பெயர்களைக் காணலாம். விண்டோஸ் 8 முதல் ‘டிஃபெண்டர்’ என்னும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் விண்டோஸுடன் இலவசமாகவே வருகிறது. வேறொன்றை நிறுவாத வீடுகளில் அதுவே காவலில் இருக்கும்.

சென்ற வருடம் உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் தமது மடிக்கணினியைக் கொண்டு வந்தார். வாப்பா கட்டாரில் உழைத்து அனுப்பிய காசில் வாங்கியது. திரையின் வலது பக்கக் கீழ்மூலையில் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சிவப்புக் கேடயம் ஒன்று எழும்பி, வைரஸ் இருப்பதாகச் சொல்லிக் காசு கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாட்களாக வீட்டில் மூச்சு விடவில்லை. கெட்ட தளங்களைப் பார்த்ததால்தான் வைரஸ் வந்தது என்று உம்மா நினைப்பார், இணையத்தை வெட்டிவிடுவார், வாப்பாவுக்கும் சொல்லிவிடுவார் என்ற பயம். உம்மாவின் வங்கி அட்டையை எடுத்து அந்தக் காசைக் கட்டிவிடலாமா என்று கூட யோசித்ததாகச் சொன்னார். அயலில் ஒருவர் முழுக் கணினியையும் ‘ஃபோர்மட்’ பண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார். பண்ணியிருந்தால் அதிலிருந்த செயற்றிட்ட வேலை முழுவதும் போயிருக்கும்.

நான் பார்த்தபோது கணினியில் வைரஸ் எதுவும் இருக்கவில்லை. கடந்தகால வினாத்தாள் தேடிப் போன ஒரு தளத்தில், ‘நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அலவ் என்பதை அழுத்துங்கள்’ என்றிருந்ததாம். பிள்ளை அழுத்தியது. அந்த ஓர் அழுத்தல், அத்தளம் விரும்பிய நேரமெல்லாம் திரையின் மூலையில் அறிவித்தல் அனுப்புவதற்குக் கொடுத்த அனுமதி. அதை நீக்க எனக்கு இரண்டு நிமிடம் எடுத்தது. பிறகு உம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். “என்ட புள்ள இதையா டீச்சர் இத்தின நாளா மனசுக்குள்ள வெச்சிட்டிருந்திச்சி?” என்று கேட்டார். “ஓம் தாத்தா, ஏசுவீங்கன்னு பயந்துட்டா” என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

கெட்ட இடத்துக்குப் போனவர்களுக்குத்தான் இது வரும் என்பது பெரிய தப்பபிப்பிராயம். 2008 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, ‘வின்ஃபிக்சர்’, ‘டிரைவ்கிளீனர்’, ‘எக்ஸ்பி ஆண்டிவைரஸ்’ போன்ற பெயர்களில் போலி மென்பொருள் விற்ற ஒரு கூட்டத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்ததாகவும், 39.95 டொலர் முதல் காசு வாங்கப்பட்டதாகவும் ஆணைக்குழு கூறியது. அவர்கள் செய்த தந்திரம் கவனிக்கத்தக்கது. நல்ல நிறுவனங்களின் சார்பில் விளம்பரம் கொடுப்பதாக நடித்து, மதிப்புள்ள தளங்களில் இடம் வாங்கினார்கள். விளம்பர வலையமைப்பின் ஊழியர்கள் பார்த்தால் ஒழுங்கான விளம்பரம் தெரியும், பொதுமக்கள் பார்த்தால் போலி ஸ்கேன் வரும்படி நிரல் எழுதியிருந்தார்கள். 2012 இல் நீதிமன்றம் 16 கோடி 30 இலட்சம் டொலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. எனவே கண்ணியமான தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் திரையிலும் இது வரலாம். “எங்க போய்ப் பார்த்தாய்?” என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டாம் என்று பெற்றோரை நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இனி அகற்றும் முறை. மேலே சொன்ன மாணவிக்கு நடந்ததுபோல மூலையில் அறிவித்தல் மட்டும் வந்தால், குரோம் உலாவியின் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறிமுகமில்லாத பெயர்களை நீக்கிவிடுங்கள். எட்ஜ் உலாவியிலும் இத்தகைய பட்டியல் உண்டு.

முழுத்திரையையும் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும் பக்கமாக இருந்தால், அதிலுள்ள எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். ‘மூடு’ என்றிருப்பதும் பொறியாக இருக்கலாம். எஸ்கேப் விசையைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். பின்னர் ஆல்ட், எஃப் 4 இரண்டையும் ஒன்றாக அழுத்தி மூடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரில் உலாவியைத் தெரிவுசெய்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மீண்டும் உலாவியைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போலி மென்பொருள் உண்மையாகவே நிறுவப்பட்டுவிட்டதாயின் வேலை கொஞ்சம் கூட. முதலில் வைஃபையை நிறுத்துங்கள். இவற்றுள் பல, டாஸ்க் மனேஜரைத் திறக்கவும் விடா. அதுவே வைரஸ் என்று பொய் சொல்லும். எனவே கணினியை ‘சேஃப் மோட்’ நிலையில் தொடக்க வேண்டும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, வரும் நீலத்திரையில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் செய்து 4 ஐ அழுத்துங்கள். இந்நிலையில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமானவற்றை மட்டுமே இயக்கும். போலி பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கும். செட்டிங்ஸில் ‘அப்ஸ்’ பட்டியலை நிறுவிய திகதிப்படி ஒழுங்குபடுத்தினால் பிரச்சினை தொடங்கிய நாளில் நுழைந்தது எதுவென்று தெரியும். அதனை நீக்குங்கள். டாஸ்க் மனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியிலும் அதன் பெயர் இருந்தால் செயலிழக்கச் செய்யுங்கள்.

அதன்பின் கணினியை வழமைபோல் தொடக்கி, விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்’, ‘ஸ்கேன் ஒப்ஷன்ஸ்’ சென்று ‘ஒஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். கணினி தானே அணைந்து, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே சோதனை நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் போதும். நீக்கிய பிறகு இணையம் வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம். சில போலிகள் ‘புரொக்ஸி’ அமைப்பை மாற்றிவிட்டுப் போகும். ‘நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதியில் நீங்கள் வைக்காத புரொக்ஸி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

காசு கட்டிவிட்டவர்கள் கணினியைப் பார்ப்பதற்கு முன் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்ல வேண்டும். தொகை சிறிதா பெரிதா என்பது இங்கே பேச்சல்ல. அட்டையின் இலக்கம் அவர்களிடம் இருக்கிறது. தொலைபேசியில் பேசியவர் சொன்னபடி எனிடெஸ்க் போன்ற மென்பொருளை நிறுவி அவரை உள்ளே விட்டிருந்தால், இணையத்தைத் துண்டித்து அதையும் நீக்குங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் இதைப் பற்றி முறையிடலாம். முறையிடப் போகும் பிள்ளையுடன் உம்மாவோ வாப்பாவோ நானாவோ கூட இருந்தால் பேசுவது இலகுவாக இருக்கும்.