முதலில் நிறுத்தப் பழகுவோம்

"அப்பா, காருக்கு ரேர்போ பூட்டப் போறன், ஓமென்று சொல்லுங்கோ." மகன் இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கோபித்து மறுப்பதும் தவறு. கெஞ்சலுக்கு இணங்குவதும் தவறு. அவனோடு அமர்ந்து கணக்குப் பாருங்கள்.

வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்கசக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில், பிறேக் அழுத்தியபின் 13 மீற்றரில் நிற்கும் கார், 100 கிலோமீற்றரில் ஏறத்தாழ 52 மீற்றர் ஓடியே நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை வீதியைக் கடந்தால்?

ரேர்போ எஞ்சினுக்கு வலுவூட்டும், பிறேக்குக்கு அன்று. ஆகவே முதலில் ரயர், அடுத்துப் பிறேக், கடைசியிலேயே எஞ்சின். மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிப்பதும் கடமை. மறைத்தால் நட்டஈடு மறுக்கப்படலாம்.

இந்த ஒழுங்கை ஏற்கும் மகனுக்குச் சம்மதம் கொடுக்கலாம். ஏற்காதவனுக்குத் திறப்பைக் கொடுக்கவும் யோசியுங்கள்.