குழந்தை மருத்துவப் பயிற்சியின் முதலாண்டு

மருத்துவத் துறைகள் பலவற்றுள்ளும் குழந்தை மருத்துவம் தனித்ததோர் இயல்புடையது. நோயுற்றார் தம் நோயைத் தாமே எடுத்துரைக்க மாட்டாத துறை அது. பசிக்கும் அழுகையே, வலிக்கும் அழுகையே. அவ்வழுகையை வேறு பிரித்தறியப் பழகுவதே இத்துறையில் மேற்பட்டம் பெறப் புகுவார்க்கு முதலாண்டின் தலையாய வேலை என்னலாம். தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலையென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். பிள்ளைத்தமிழ் படிப்பார்க்குப் பிள்ளையைப் பற்றி அறிவதில் இழுக்கொன்றுமில்லை.

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டும், அதன்மேல் கட்டாயப் பயிற்சி ஓராண்டும் கழிந்தபின், நீட் முதுநிலைத் தேர்வின் வழி இடம் பெற்றோர் மூன்றாண்டு எம்.டி. வகுப்பிற் சேர்வர். வகுப்பென்பது பெயரளவே; உறைவிட மருத்துவர் என்னும் பெயருக்கேற்ப மருத்துவமனையே அவர்க்கு வீடு. எழும்பூரில் 1968-இல் நிறுவப்பெற்ற குழந்தைகள் நல நிலையமும், ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய பணியினின்று வளர்ந்த வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நம் நாட்டுப்புறத்தில் இப்பயிற்சிக்குப் பெயர் பெற்றவை.

பெரியவர்க்குரிய மருந்தைப் பாதியாக்கினால் பிள்ளைக்கு ஆகும் என்னும் எண்ணம் முதல் வாரத்திலேயே தொலைய வேண்டும். இங்கு எல்லாம் எடைக் கணக்கு. பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவிற்கு 15 மில்லிகிராம் என்றால், 12 கிலோக் குழந்தைக்கு 180. நரம்பின் வழிச் செலுத்தும் நீருக்கும் 1957-இல் ஹாலிடே, சீகர் என்போர் வகுத்த வாய்பாடு உண்டு. முதற் பத்துக் கிலோவிற்குக் கிலோவொன்றுக்கு 100 மில்லி, அடுத்த பத்திற்கு 50. ஆகவே அக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,100 மில்லி. புள்ளி ஓரிடம் தவறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். இக்கணக்கை எழுதுகின்றவர் பெரும்பாலும் முதலாண்டு மாணவரே.

கருவிகள் பல இருப்பினும், கடிகாரமும் கண்ணுமே முதற்கண் பயில வேண்டியவை. தாயின் மடியில் அமைதியாயிருக்கும் குழந்தையின் மார்பை ஒரு நிமிடம் முழுதும் நோக்கி மூச்சை எண்ண வேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட சிசுவிற்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40; அவ்வெண்ணை எட்டினாலோ மிஞ்சினாலோ அது விரைந்த மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சோம்பர் வழி. சிசுவின் மூச்சு சீராக ஓடுவதன்று. பிறந்தவுடன் மூச்செடாத குழந்தைக்கோ முதல் நிமிடத்திற்குள் காற்றூட்ட வேண்டும். அந்த அறுபது நொடிக்காக முகமூடியும் பையும் ஏந்திப் பொம்மையின்மேற் பலமுறை பழகுகின்றனர்.

கற்க வேண்டுவதில் மற்றொரு பாதி தாயிடம் உள்ளது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த வடக்குப்பட்டு போன்ற ஊர்ப்புறங்களில் ஒடிசா, பீகார் முதலிய நாடுகளினின்று வந்த தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன. அங்கு நோய் முற்றிய பிள்ளை செங்கற்பட்டுக்கோ எழும்பூருக்கோ வரும்பொழுது, இளம் மருத்துவர்க்குத் தாயின் மொழியும் தெரியாது போகலாம். டெங்கு நோயில் சுரம் தணியும் நாளே இடர்க்காலத்தின் தொடக்கம். உடல் குளிர்ந்தது கண்டு, பிள்ளை பிழைத்ததென்று தாய் வீடு செல்ல விழைவாள். ஒரு நாள் தங்கினால் ஒரு நாட்கூலி போம். அவ்வேளையில், "இன்றிரவு மட்டும் இருங்கள் அம்மா" என்பதை அவள் உணருமாறு சொல்லவல்ல நாவும், மருந்துக் கணக்கையொப்ப உயிர் காப்பதேயாம். இதனைத் தேர்வில் வினவுவார் குறைவு.

வளர்ச்சிப் பருவங்களை மனத்திற்கொள்வதும் இவ்வாண்டின் பாடமே. மூன்று மாதமளவில் தலை நிற்றல், எட்டளவில் துணையின்றி அமர்தல், ஓராண்டை ஒட்டி நடத்தல் என அவர்தம் அட்டவணை செல்லும். நம் பாட்டியலாரும் செங்கீரையை 5-ஆம் திங்களிலும் சப்பாணியை 9-ஆம் திங்களிலும் வைத்தனர். கைகொட்டாத பிள்ளையைக் கவிஞர் கொட்டுக என வேண்டுவர். மருத்துவரோ செவி கேட்கின்றதா, பார்வை நேரோ எனச் சோதிப்பர். நோக்கியது இருவரும் ஒன்றையே என்பது எமக்கு வியப்பாயிருந்தது.

ஆய்வேட்டிற்குப் பொருள் தெரிந்து ஒப்புதல் பெறுதல், செய்த பணிகளைக் குறிப்பேட்டிற் பதிதல் முதலியனவும் உள. அவை எப்படிப்பிலும் உள்ளவை.

உறக்கத்தைப் பற்றியே யாம் கவல்கின்றோம். தொடர் வேலை நாளொன்றுக்கு 12 மணியும் வாரத்திற்கு 48 மணியும் சாதாரணமாய்க் கடவாதென 1992-ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டம் கூறிற்று. 2023-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணைய விதிகளோ, எண் எதுவுமின்றி, நியாயமான நேரம் என்றமைந்தன. நியாயம் என்பது நீட்டினால் நீளும் சொல். ஒன்றரை நாள் தொடர்ந்து விழித்திருந்தார் கையிற்றான் அந்தப் புள்ளியும் உள்ளது. எண்ணிட்டு எழுதிய வரம்பே வேண்டும் என்பது எம் கருத்து.

ஓராண்டு நிறைந்ததும் புதியவர் வருவர். சிசுவின் மெல்லிய நரம்பில் ஊசியேற்றக் கற்பிப்பவர் நேற்றுக் கற்றவரே. பின்னர் அவரே மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையிற் பணிபுரியச் செல்வர். அங்கே உடனழைத்துக் கேட்கப் பேராசிரியர் அருகிரார்.