வலியவரும் எளியவரும்: சதுரங்கத்தில் எதிர்பார்ப்பும் முடிவும்

சித்தூரிலோ திருப்பதியிலோ 32 மாணவர் கலந்துகொள்ளும் சதுரங்கப் போட்டி ஒன்று நடைபெறுவதாகக் கொள்க. சுவிஸ் முறைப்படி அவர்கள் ஆற்றலின் வரிசையில் எண்ணிடப்படுவர். முதற் சுற்றில் 1ஆம் எண்ணினர் 17ஆம் எண்ணினருடனும், 2ஆம் எண்ணினர் 18ஆம் எண்ணினருடனும் ஆடுவர். ஆகவே அச்சுற்று ஏற்றத்தாழ்வு உடையதாகவே அமையும். தோல்வி உறுதி என்றெண்ணி, எளிய மாணவனைப் போட்டிக்கு அனுப்பச் சில ஆசிரியர் தயங்குவதுண்டு. அத்தயக்கம் தக்கதா என்பதைக் கணக்கிட்டே அறியலாம்.

அளவிடும் முறை

ஆட்டக்காரரின் ஆற்றலை எண்ணால் குறிக்கும் முறையொன்றை அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் அர்பாத் ஈலோ வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் அதனை ஏற்றுக்கொண்டது. இதில் இருவருடைய தரப்புள்ளிகளின் வேறுபாடே முக்கியமாகும். வெற்றிக்கு 1, சமநிலைக்கு அரை, தோல்விக்கு 0 எனக் கொண்டால், 100 தரப்புள்ளி குறைந்தவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 36 புள்ளிகளும், 200 குறைந்தவர் 24 புள்ளிகளும் பெறுவர் என எதிர்பார்க்கலாம்.

ஆட்டம் முடிந்தபின், பெற்ற புள்ளியிலிருந்து எதிர்பார்த்த புள்ளியைக் கழித்து, விடையை ஒரு குறித்த எண்ணால் பெருக்குவர். அவ்வெண் 20 எனின், 1500 தரப்புள்ளி உடையவர் 1700 உடையவரிடம் தோற்றால் இழப்பது 4.8; சமநிலை கண்டால் பெறுவது 5.2, வென்றால் பெறுவது 15.2. எளியவருக்கு இழப்பு சிறிது, ஆக்கம் பெரிது என்பது இதனால் விளங்கும்.

ஒரு சான்று

எதிர்பார்ப்பு என்பது பல ஆட்டங்களின் சராசரியே. ஓர் ஆட்டத்தின் முடிவை அது கட்டுப்படுத்தாது. தமிழகத்தைச் சேர்ந்த மானுவேல் ஆரோன், 1961இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியராவார். 1962இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த மண்டலங்களிடைப் போட்டியில் 23 பேர் ஆடினர். அவர்களுள் ஆரோன் கடைசி இடமே பெற்றார். எனினும், ஹங்கேரியின் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் ஊல்மன் ஆகிய இரு கிராண்ட்மாஸ்டர்களை அதே போட்டியில் அவர் வென்றார்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

மாணவன் தன் ஆட்டத்தின் எல்லா நகர்வுகளையும் எழுதிவைக்கப் பழக்குக. சமமான எதிரி காணாது விடும் பிழையை வலியவர் உடனே பயன்படுத்திக்கொள்வார். ஆதலால், அத்தகைய தோல்வியில் பிழை நிகழ்ந்த இடத்தைக் கண்டறிவது எளிது. வலிய மாணவனுக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: அவனுக்கே இழப்பு மிகுதி, எனவே எவரையும் எளிதாக எண்ணலாகாது.

பயிற்சி: மேற்கூறிய ஆட்டம் சமநிலையில் முடிந்தால், 1700 உடையவர் இழக்கும் தரப்புள்ளி எவ்வளவு எனக் கணக்கிடுக.