திரை இருண்டால் கணினி இறந்ததா?

ஒரு பொறி இயங்கவில்லை என்று தோன்றினால், அது பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. ஆனால் இயங்காமை வேறு. இயங்குவது நம் கண்ணுக்குத் தெரியாமை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர் பலர் வீண் செலவுக்கும் மன வருத்தத்திற்கும் ஆளாகின்றனர். திரை அமைப்பில் ஏதோ ஒன்றை மாற்றுகிறோம். அடுத்த நொடி எங்கும் கருமை! கணினியே போய்விட்டது என்று கலங்குகிறோம். இக்கலக்கம் தேவைதானா? இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதனை ஆராய முற்படுகிறேன்.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், அதுவரை கணினியையே காணாத வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது. அத்தகைய வீடுகளில் கோளாறு ஏற்பட்டால் கேட்டறிய விவரம் தெரிந்த மூத்தவர் எவரும் இல்லை. என் வீடும் அவற்றுள் ஒன்றே. அந்நிலையில் கடைக்காரர் சொல்வதே வேதவாக்கு ஆகிவிடுகிறது. ஆகவே இவ்வறிவு நமக்கு இன்றியமையாதது.

திரை ஒளிரும் விதம்

1888ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் பிரெடரிக் ரைனிட்சர், கொலஸ்டிரில் பென்சோயேட் என்னும் பொருளைச் சூடாக்கியபோது, அது இரு வேறு வெப்பநிலைகளில் இருமுறை உருகுவது போல் நடந்துகொள்வதைக் கண்டார். திண்மத்திற்கும் நீர்மத்திற்கும் இடைப்பட்ட அந்நிலையையே இன்று திரவப் படிகம் என்கிறோம். பெரும்பாலான மடிக்கணினித் திரைகளில் இருப்பது இதுவே.

திரவப் படிகம் தானாக ஒளி தராது. அதன் பின்னால் எரியும் எல்.இ.டி. விளக்குகளின் ஒளியைத் தேவையான அளவு விடுவதும் தடுப்பதுமே அதன் பணி. விளக்கைப் பின்னொளி என்றும், படிகத்தை அதன் முன்னுள்ள சன்னல் கதவு என்றும் கொள்ளலாம்.

சாதாரண மடிக்கணினித் திரை ஒன்றில் குறுக்கே 1366, நெடுக்கே 768 எனப் புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 10,49,088 ஆகும். இத்தனை புள்ளிகளும் நொடிக்கு 60 முறை புதிதாக எழுதப்படுகின்றன. அதாவது, ஒரு முழுப் படத்திற்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. இவ்வீதத்தை 75 ஆக உயர்த்தினால் அக்காலம் 13.3 மில்லிநொடியாகக் குறைகிறது. அந்த வேகத்திற்கு ஏற்றவாறு அமைக்கப்படாத திரை என்ன செய்யும்? வந்த செய்தியைப் படிக்க இயலாமல் இருண்டு நிற்கக்கூடும். திரை கெடவில்லை, திரைக்குப் புரியாத ஆணை இடப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

இரு சோதனைகள்

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து தேட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறிப்படி முதலில் இரு சோதனைகள் செய்வோம்.

முதற்சோதனை, உயிர் இருக்கிறதா என்பது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துக. அதற்குரிய சிறு விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே கணினி விழித்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனை மிக முக்கியமானது. பவர் பொத்தானைச் சுமார் பத்து நொடி விடாது அழுத்திக் கணினியை அணைத்து, மீண்டும் இயக்குக. (சேமிக்காத வேலை இதனால் அழியும் என்பதை நினைவிற் கொள்க.) தொடக்கத்தில் நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றுகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். அச்சின்னத்தைக் காட்டுவது தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் நிரல். நாம் மாற்றிய அமைப்போ விண்டோஸின் பொறுப்பில் உள்ளது; அது பின்னரே படிக்கப்படுகிறது. ஆகவே சின்னம் தெளிவாகத் தெரிந்து, பிறகு திரை இருண்டால், பலகையும் கேபிளும் பின்னொளியும் பெரும்பாலும் நலமே என்று துணியலாம். குற்றம் அமைப்பின் மீதே.

சின்னமும் தெரியவில்லையா? இருட்டறையில் டார்ச் விளக்கைத் திரைமீது சாய்வாக அடித்துப் பார்க்கவும். மங்கலாகப் படம் தெரிந்தால் படிகம் வேலை செய்கிறது, பின்னொளிதான் இல்லை. அப்போது ஒளியளவைக் கூட்டும் விசையை அழுத்திப் பார்த்து, பயனில்லையெனில் பழுது பார்ப்பவரிடம் செல்வதே முறை.

தீர்க்கும் வழிகள்

அமைப்பே காரணம் எனத் தெளிந்தபின், எளியதிலிருந்து அரியதற்குச் செல்ல வேண்டும்.

1. காத்திருத்தல்: திரை அளவை மாற்றியதும், மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று விண்டோஸ் கேட்கிறது. 15 நொடிகளில் விடை வராவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்புகிறது. பதறி என்டர் விசையைத் தட்டினால் அதுவே சம்மதம் ஆகிவிடலாம். பதறாத காரியம் சிதறாது!

2. வெளித்திரை: புரொஜெக்டர், தொலைக்காட்சி முதலியவற்றின் கேபிளைக் கழற்றுக. பெரும்பாலும் படம் தன் திரைக்குத் திரும்பும். திரும்பாவிடில் விண்டோஸ் விசையுடன் ஓ எழுத்துக்கு அடுத்துள்ள பி விசையை அழுத்தி, ஓர் அம்புக்குறி விசை, பின் என்டர். அங்குள்ள தேர்வுகள் நான்கு. அவற்றுள் மடிக்கணினியின் திரையை இருட்டாக்குவது, இரண்டாம் திரை மட்டும் என்ற ஒன்றே. எனவே அதிலிருந்து ஓர் அடி நகர்ந்தால் வெளிச்சம்தான்.

3. இயக்கியை எழுப்புதல்: விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு, வி-க்கும் என்-னுக்கும் இடையிலுள்ள பி விசையை அழுத்துக. கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும்.

4. இறுதி வழி: விண்டோஸ் தொடங்கும் தறுவாயில் பவர் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி அணைக்க வேண்டும். இவ்வாறு இரண்டு, மூன்று முறை செய்தால் மீட்புப் பக்கம் தோன்றும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று சென்று, வரும் பட்டியலில் 3ஐ அழுத்துக. திரை குறைந்த அளவிலும் குறைந்த வீதத்திலும் ஒளிரும். பிறகு உரிய அளவையும் 60 என்னும் வீதத்தையும் அமைத்துக்கொள்ளலாம். சில கணினிகள் இவ்வேளையில் பிட்லாக்கர் என்னும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அதை முன்னரே ஒரு தாளில் எழுதி வைத்திருத்தல் நலம்.

கண்டறிந்த பயன்

எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் விளையாட்டு ஒன்றிற்காகப் புதுப்பிப்பு வீதத்தை 60இலிருந்து 75 ஆக்கினார். திரை இருண்டது. ஒரு கடையில், திரையையே மாற்ற வேண்டும், ஐயாயிரத்திற்கு மேல் ஆகும் என்றனர். கட்டட வேலைக்குச் செல்லும் அவர் தந்தையின் பல நாள் கூலி அது. விடுதியில் அதை மீண்டும் இயக்கினோம். நிறுவனச் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. திரை கெட்டிருந்தால் சின்னம் எப்படித் தெரியும்? அந்த ஒரு கேள்வியே கடைக்காரரின் தீர்ப்பை மறுத்துவிட்டது. மேற்கூறிய நான்காம் வழியில் அரை மணி நேரத்தில் திரை மீண்டது. காசு செலவில்லை, அவர் எழுதி வைத்திருந்த செய்முறைக் குறிப்புகளில் ஓர் எழுத்தும் அழியவில்லை.

பெரிய நூல்களில் படிக்கும் ஆய்வு முறையும் இதுதான்: பகுதிகளாகப் பிரித்தல், ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல், சான்று கிடைக்கும்வரை தீர்ப்புச் சொல்லாதிருத்தல். ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி விடுதி அறையிலும் இம்முறையைக் கைக்கொண்டால், நாம் கற்ற கல்வி நம் பெற்றோரின் உழைப்பையும் காக்கும். அவ்வாறு கற்போம், கற்றதைப் பிறர்க்கும் சொல்வோம்.