பி.டி.ஏ., எஸ்.எம்.சி. பொறுப்பில் இருக்கிறீர்களா? உங்களுக்குச் சில குறிப்புகள்

பிள்ளை படிக்கும் பள்ளியில் பெற்றோர் குழுத் தலைவராகவோ பொருளாளராகவோ உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா? சம்பளமில்லாத வேலைதான். ஆனால் ஊர்ப் பணம் உங்கள் கைக்கு வருகிறது. ஹெச்.எம். அறைக்குள் தயங்காமல் போய்ப் பேசவும் முடிகிறது. பெரும்பாலான அம்மாக்களுக்கு இந்த இரண்டும் கிடையாது. அவர்களை மனதில் வைத்தே இந்தக் குறிப்புகளை எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.) வேறு, பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.) வேறு. மேலாண்மைக் குழு 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி அமைவது. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். அரசுப் பள்ளியில் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை. உதவி பெறும் பள்ளியில் ஆலோசனை சொல்லலாம். ஆகவே, 'மானியக் கணக்கைக் கொஞ்சம் காட்டுங்கள் சார்' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அதற்காகத்தான் உங்களைப் போட்டிருக்கிறார்கள்.

2. குழுப் பணம் உங்கள் ஜிபே எண்ணுக்கு வரவே கூடாது, ஒரு நாளைக்குக்கூட. கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் பெற்றோர், மற்றவர் பள்ளியைச் சேர்ந்தவர் என்று இருப்பது நல்லது. கையில் ரொக்கம் வாங்கினால் அடிக்கட்டையுள்ள ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுங்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது உண்டு.

கணக்கு நோட்டு எளிமையாக இருந்தால் போதும். தேதி, யாரிடமிருந்து அல்லது யாருக்கு, எதற்கு, வவுச்சர் எண், வரவு, செலவு, இருப்பு என்று ஏழு பத்தி. ஆட்டோ வாடகை, டீச் செலவு போன்ற பில் இல்லாத செலவுக்கு ஒரு தாளில் விவரம் எழுதி, பணம் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி, எண் போட்டு ஒட்டிவிடுங்கள். தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் வைக்காமல், ஒரே கோடு அடித்து மேலே திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். மாதக் கடைசியில் இருப்புத் தொகையை வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்துவிடும்.

3. நன்கொடை தராதவர்களின் பெயர்ப் பட்டியலை எங்கும் போடாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் வேண்டாம், பிள்ளையின் டைரியிலும் வேண்டாம். 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்கு இலவசத் தொடக்கக் கல்வி சட்டப்படியான உரிமை. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை, பணம் தராததற்காக எந்தக் குழந்தையும் எதையும் இழக்கக் கூடாது. 'உங்க அம்மா இன்னும் தரலையா?' என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்பது குழந்தையை எப்படிச் சுருங்க வைக்கும் என்று நமக்குத் தெரியும். வசதியுள்ள பெற்றோரையும் முன்னாள் மாணவர்களையும் தனியே பார்த்துக் கேளுங்கள்.

4. பல அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பி.டி.ஏ. மூலம் தற்காலிக ஆசிரியர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தொகுப்பூதியம்தான், அதுவும் குறைவு. ஆண்டு விழா மேடைக்கும் சால்வைக்கும் செலவழிப்பதற்கு முன்னால் அந்த டீச்சருக்கு அந்த மாதச் சம்பளம் போய்விட்டதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் மேடையைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

5. கூட்ட நேரத்தைக் கூலி வேலைக்குப் போகும் அம்மாவைக் கேட்டுவிட்டு வையுங்கள். காலை பதினொரு மணி என்றால் அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வந்தவர்களை வட்டமாக உட்கார வையுங்கள், ஹெச்.எம்.முக்கும் தலைவருக்கும் மட்டும் நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமுக்காளம் என்பது வேண்டாம். தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினருக்குப் பதிலாக வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால், 'அக்காவை வரச் சொல்லுங்கண்ணே, அவங்க வரட்டும், காத்திருக்கோம்' என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு பிரச்சினை வராது.

6. தீர்மானப் பதிவேட்டை வீடு வீடாக அனுப்பி, 'இந்தாம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடு' என்று வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. இது சின்ன விஷயமில்லை. கூட்டத்தில் என்ன முடிவானதோ அதை அங்கேயே எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, பிறகு கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இன்னொரு முறை வாசியுங்கள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இடம் இருந்தால் குறுக்கே கோடு அடித்துவிடுங்கள். பின்னால் யாரும் ஒரு வரி சேர்க்க முடியாது. யாராவது ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

7. பந்தல், மைக் செட், சாப்பாடு, சீருடை எதுவானாலும் மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். உங்கள் மச்சான் பந்தல் போடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிவெடுக்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுங்கள். அவர் விலையே குறைவாக இருந்து, மற்றவர்கள் அவரையே தேர்ந்தெடுத்தால், அதில் தவறில்லை.

8. உங்கள் பிள்ளைக்கு முன்வரிசை கேட்காதீர்கள். நாடகத்தில் ராணி வேஷம், விளையாட்டு அணி, வகுப்புப் பிரிவு மாற்றம், எதையும் பொறுப்பைச் சொல்லிக் கேட்க வேண்டாம். பிள்ளையைப் பற்றி டீச்சரிடம் பேச வேண்டுமென்றால் மற்ற பெற்றோர் வரும் நாளில் வரிசையில் நின்று பேசுங்கள். நாம் கேட்காமலே சலுகை வரும்; அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் கஷ்டமான வேலை.

9. ஆசிரியர் தினப் பரிசுக்குக் கலெக்ஷன் வேண்டாம். பிள்ளைகள் கையால் எழுதிய வாழ்த்து போதும்.

10. வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு மட்டும் போகட்டும். மார்க், உடம்பு சரியில்லாத குழந்தையின் விவரம், பெற்றோர் அனுமதி இல்லாத படங்கள் எதுவும் வேண்டாம். ஒரு டீச்சர் மேல் வருத்தம் என்றால் முதலில் அவரிடமே பேசுங்கள். சரியாகவில்லை என்றால் ஹெச்.எம்.மிடம் எழுத்தில் கொடுங்கள். நூறு பேர் இருக்கும் குரூப்பில் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டால், அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இடமே இருக்காது.

11. குழந்தைக்குப் பாலியல் தொல்லை என்று தெரிய வந்தால் மட்டும் மேலே சொன்ன வழி பொருந்தாது. அங்கே 'பள்ளிப் பேர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சில நேரம் அவர் ஊரில் மதிப்புள்ளவராகவும் இருப்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். சமரசம் பேசும் அதிகாரம் குழுவுக்குக் கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; மறைப்பது குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழையுங்கள். குழந்தையைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பெயர், வகுப்பு, தெரு எதையும் பதிவேட்டில் எழுத வேண்டாம். உங்கள் வீட்டிலும் சொல்ல வேண்டாம். அந்தக் குழந்தையின் அம்மாவுக்குத் துணையாக ஸ்டேஷனுக்கு ஒருவர் கூடப் போனாலே பெரிய பலம்.

அடி, கேலி, சாதி சொல்லித் திட்டுவது போன்றவற்றையும் 'டீச்சர் கண்டிப்பானவர்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். உடலைத் தண்டிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது.

12. காலம் முடிந்ததும் விலகுங்கள். பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகும் தலைவர் நாற்காலியில் இருக்க வேண்டாம். ஒப்படைக்கும்போது கணக்கு நோட்டு, மீதி ரசீதுப் புத்தகங்கள், பாஸ்புக், காசோலைப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், பீரோச் சாவி என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் கடிதத்தை அந்த வாரமே கொடுத்துவிட்டு, வாட்ஸ்அப் அட்மின் பொறுப்பையும் புதியவருக்கு மாற்றிவிடுங்கள்.