வீட்டு மாடியில் ஒரு கணக்குப் பெட்டகம்

பேரேட்டில் மை தொட்டுக் கணக்கு எழுதும் வணிகர்கள் நம்மில் இன்று மிகச் சிலரே. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் சிறிய மளிகைக் கடைக்காரரும் கணிப்பொறிக்கு மாற நேர்ந்தது. பில், சரக்கு இருப்பு, பற்று வரவு, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அந்தப் பெட்டி போனால் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே விளக்க முற்படுகிறோம்.

காத்திவாக்கம், எண்ணூர்ப் பக்கத்து வணிகர்களுக்கு இது வெறும் கற்பனையல்ல. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் அறிவோம். அரிசி மூட்டை நனைந்தால் கணக்கில் நட்டம் எழுதலாம். கணக்கே நனைந்தால் எதில் எழுதுவது? சட்டமும் விடாது. ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு. வழக்கமான டிசம்பர் 31-ஐ வைத்துப் பார்த்தால், 2024-25ஆம் ஆண்டுக் கணக்கு 2031 டிசம்பர் முடிய நம் கையில் இருந்தாக வேண்டும்.

இதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய கணிப்பொறி ஒன்று, 16 ஜி.பி. நினைவகம், ஒரே அளவுள்ள இரண்டு ஹார்டு டிஸ்க்குகள், ஒரு யு.பி.எஸ். இவை போதும். இளைஞர்கள் இரும்பு அலமாரியில் பச்சை விளக்குகள் மின்ன ஒரு சர்வரை வாங்கச் சொல்வார்கள். பார்க்க அழகுதான், ஆனால் மின்கட்டணம் கட்டுபவர் நாம். 50 வாட் இழுக்கும் சிறிய பெட்டி நாள் முழுதும் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 72 யூனிட் கூடும். பெட்டியை மாடியில், தரையிலிருந்து உயரமாக, கடற்காற்று நேரே வீசும் ஜன்னலுக்குத் தள்ளி வைக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை மட்டுமல்ல, உள்ளிருக்கும் இணைப்புகளையும் அரிக்கும்.

ஒரு பெட்டிக்குள் பல கணிப்பொறிகளை ஓட்டுவதை மெய்நிகர் முறை என்கிறார்கள். ஒரே குடோனைத் தட்டி வைத்துப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டுப் போடுவது போன்றதுதான். புதிய கண்டுபிடிப்பும் அல்ல, ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கணிப்பொறிகளுக்கு இவ்வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வியன்னாவிலிருந்து வரும் புராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் கடையில் ஓர் அறையில் கணக்கு மென்பொருள் ஓடுகிறது. இரண்டாவதில் பில் நகல்களும் ரசீதுகளும் உள்ளன. மூன்றாவது அறை காலி. காலி அறை ஏன் என்று கேட்பவர்களுக்குப் பின்னால் சொல்கிறோம். விண்டோஸ், கணக்கு மென்பொருள் இவற்றின் உரிமத்தை இவ்வாறு பயன்படுத்தலாமா என்று விற்றவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு டிஸ்க்குகள் எதற்கு? ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே பதியும். ஒன்று பழுதானால் கடை நிற்காது, புதியதை மாட்டிக்கொள்ளலாம். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். இரட்டை டிஸ்க் இருக்கிறதே, வேறு நகல் எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள். கணக்குப் பிள்ளை தவறுதலாக ஒரு மாதத்துப் பில்லை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் போன்ற ஒன்று புகுந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். அந்த வைரசுக்குரிய தடுப்பை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே பெரிதும் அகப்பட்டார்கள். தீ, திருட்டு, வெள்ளம் வந்தால் இரண்டும் ஒரே பெட்டியில்தானே இருக்கின்றன?

ஆகவே மூன்று நகல்கள் வேண்டும். ஒன்று ஓடும் பெட்டியில், ஒன்று வேறொரு தனி டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில். எங்களிடம் வெளி டிஸ்க்குகள் இரண்டு உள்ளன. சனிக்கிழமை கடை அடைத்தபின் ஒன்றில் நகல் எடுத்து உடனே கழற்றிவிடுகிறோம். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் விடாது. மற்றொன்று ஆவடியில் உறவினர் வீட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வோம்.

எல்லாம் இணையத்தில் கிளவுடில் இருக்கிறது, நமக்கென்ன என்பாரும் உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தகவல் மையக் கட்டடம் தீக்கிரையானது. வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தகவல்களை இழந்தார்கள். கிளவுடும் எங்கோ ஒருவருடைய குடோன்தான். ஒரு நகலை அங்கு வைக்கலாம், ஒரே நகலை வைக்கக் கூடாது.

இனி அந்தக் காலி அறை. எடுத்த நகல் திறக்குமா என்பது திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு அடுத்த நாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம், வெளி டிஸ்க்கிலிருந்து முழுக் கணக்கையும் மூன்றாவது அறையில் இறக்குகிறோம். ஓடும் கடைக் கணக்கோடு குழம்பாதிருக்க அந்த அறையின் நெட்வொர்க் இணைப்பை முதலில் துண்டித்துவிட வேண்டும். நகல் எடுத்த சனிக்கிழமை ரொக்க இருப்பையும், பெரிய பாக்கிதாரர் ஐந்து பேரின் நிலுவையையும் அன்றே தாளில் குறித்து வைத்திருப்போம். அவை ஒத்துப்போனால் நகல் நல்ல நகல். பின் அறையை அழித்துவிடலாம். தனிக் கணிப்பொறி வாங்காமல், கடை வியாபாரத்தையும் நிறுத்தாமல் இந்தச் சோதனை அரை மணியில் முடிகிறது. மெய்நிகர் முறையால் நமக்குள்ள பெரிய ஆதாயம் இதுவே என்பது எங்கள் கருத்து.

யு.பி.எஸ்.-ஐக் கணிப்பொறியோடு யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, மின்சாரம் நீண்ட நேரம் வராவிட்டால் தானே ஒழுங்காக அணையும்படி அமைக்க வேண்டும். பெட்டியை வெளி இணையத்திலிருந்து திறக்கும் வசதி நமக்குத் தேவையில்லை. வெளியூர் போகும் டிஸ்க்கைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி அனுப்புங்கள். அந்தக் கடவுச்சொல் மகனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. தாளில் எழ்தி உறையிலிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, வீட்டம்மாவிடமும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.